சென்னையில் ரெண்டு நாள்: எந்த ஏரியாவில் ரூம் போடுவது?

வெள்ளி ராத்திரி ஊரில் ரயில் ஏறி, சனிக்கிழமை விடியக்காலம் சென்னையில் இறங்கி, ஞாயிறு ராத்திரி திரும்ப ஏறுகிறவர்களுக்கான குறிப்பு இது. கையில் இருப்பது ஏறக்குறைய 40 மணி நேரம். தூக்கம், குளியல், சாப்பாடு போக ஊர் சுற்ற மிஞ்சுவது இருபது மணி நேரம்தான். ரூமைத் தப்பான ஏரியாவில் போட்டால் அதில் ஐந்தாறு மணி நேரம் ஆட்டோவிலேயே போய்விடும்.

பலரும் என்ன செய்கிறார்கள் என்றால், பார்க்க வேண்டிய இடங்களை எழுதிக்கொண்டு மேப்பில் அவற்றுக்கு நடுவில் விழுகிற இடத்தில் ரூம் தேடுகிறார்கள். மெரினா, கபாலி கோயில், தி.நகர், வடபழனி என்று நாலு புள்ளி வைத்தால் நடுவில் ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை என்று ஏதோ ஒன்று வரும். மேப்பில் மூன்று கிலோமீட்டர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மூன்று கிலோமீட்டர் முக்கால் மணி நேரம் ஆகும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர், கோடம்பாக்கம் பக்கமெல்லாம் ஒருவழிப் பாதை, மாற்றுப் பாதை என்று சுற்றிவிடுகிறார்கள். நேற்று இருந்த வழி இன்று இருக்காது. எனவே கிலோமீட்டரை மறந்துவிட்டு, உங்கள் ரூமிலிருந்து எந்த ரயில் தடத்துக்கு நடந்து போக முடியும் என்று பாருங்கள்.

தடங்கள் மூன்று. ஒன்று, கடற்கரையிலிருந்து பூங்கா, எழும்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம், கிண்டி, தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை போகும் மின்சார ரயில். எழும்பூரிலிருந்து மாம்பலம் நாலாவது ஸ்டேஷன். டிக்கெட் 5 ரூபாய். இரண்டு, மெட்ரோ. நீலத் தடம் விம்கோ நகரில் தொடங்கி சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி வழியாக ஏர்போர்ட் போகிறது. பச்சைத் தடம் சென்ட்ரலிலிருந்து எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி வழியாகப் பரங்கிமலை போகிறது. இரண்டும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சேரும். காலை 5 மணி முதல் ராத்திரி 11 வரை ஓடும். மூன்று, பறக்கும் ரயில். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை, திருவான்மியூர் வழியாக வேளச்சேரி. கடற்கரையோரம் போக இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் ஸ்டேஷன்கள் பெரிசு பெரிசாய், ஆள் நடமாட்டம் குறைவாய் இருக்கும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் குடும்பத்தோடு இதை நம்ப வேண்டாம்.

முதலில் எங்கே இறங்குகிறீர்கள் என்று பாருங்கள்

பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர், மலைக்கோட்டை போன்ற தென்மாவட்ட ரயில்களுக்கு எழும்பூர். சேரன், நீலகிரி, ஏற்காடு என்று மேற்கேயிருந்து வருபவை சென்ட்ரல். எழும்பூர் ஸ்டேஷன் சீரமைப்பு வேலைக்காகச் சில ரயில்களை அவ்வப்போது தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். டிக்கெட்டில் கடைசி ஸ்டேஷன் எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கதை வேறு. தென்மாவட்டத்துப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த நிலையம் அது. வண்டலூரைத் தாண்டி இருக்கிறது. அங்கிருந்து எழும்பூர் 30 கிலோமீட்டருக்கு மேல். விடியக்காலம் மாநகரப் பேருந்தில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். திரும்பும்போது, அதுவும் ஞாயிறு சாயங்காலம், ஜி.எஸ்.டி. ரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது; இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆகவே பஸ்காரர்கள் வட சென்னையிலோ திருவல்லிக்கேணியிலோ ரூம் போடுவதைவிட, கிண்டியிலோ மாம்பலத்திலோ போடுவது நல்லது. வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயிலைப் பிடித்தால் இரண்டு இடமும் நேர் வழி. ஆம்னி பஸ் என்றால் ஏறும் இடம் எது என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் பழைய நினைப்பில் கோயம்பேட்டில் போய் நிற்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

24 மணி நேரக் கணக்கு

ஏரியாவைப் போலவே முக்கியம் செக்-அவுட் முறை. எழும்பூர், திருவல்லிக்கேணி, பெரியமேடு, தி.நகர் பக்கத்து லாட்ஜ்களில் பலவற்றில் 24 மணி நேர செக்-அவுட். நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து ஒரு நாள். நட்சத்திர ஓட்டல்களிலும் ஆப்பில் புக் செய்யும் பல இடங்களிலும் மதியம் 12 மணிக்கு நுழைந்து மறுநாள் 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும்.

ரயில் 5.30-க்கு வருகிறது, 6 மணிக்கு ரூம் வாசலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 மணி ஓட்டல் என்றால், வெள்ளி மதியத்திலிருந்து ஒரு நாள் வாடகை, சனி மதியத்திலிருந்து இன்னொரு நாள். இரண்டு நாள் பணம் கட்டியும் ஞாயிறு மதியம் பெட்டியோடு வெளியே வந்துவிடுவீர்கள். சில இடங்களில் இடமிருந்தால் அரை நாள் வாடகையோடு சீக்கிரம் விடுவார்கள்; அதை முதல் நாளே போனில் கேட்டு உறுதி செய்ய வேண்டும், வாசலில் நின்று கேட்டால் நடக்காது.

24 மணி நேர லாட்ஜ் என்றால் ஒரு நாள் வாடகையில் ஞாயிறு காலை 6 வரை. காலை 6 மணிக்குக் காலி செய்வது யாருக்குச் சௌகரியம்? அதனால் ஒரு சின்ன வேலை செய்யலாம். ரயிலை விட்டு இறங்கியதும் நேரே ரூமுக்குப் போகாமல், ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் குளித்து, பையைக் கிளோக் ரூமில் போட்டுவிட்டு, டிபன் சாப்பிட்டு, பக்கத்தில் ஒரு இடம் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கு ரூமுக்குள் நுழையுங்கள். அப்போது மறுநாள் பத்து மணி வரை ரூம் உங்களுடையது. காலி செய்தபின் பை மறுபடியும் கிளோக் ரூமுக்கு. எழும்பூர், சென்ட்ரல் இரண்டிலும் அந்த வசதி உண்டு. பைக்குப் பூட்டு போட்டிருக்க வேண்டும், ரயில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். பூட்டில்லாத பையை வாங்கமாட்டார்கள். வெளியே ஓடிப்போய்ப் பூட்டு வாங்குகிற கூட்டத்தை எந்தச் சனிக்கிழமையும் பார்க்கலாம். கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் இந்தச் சிக்கனம் வேண்டாம். 24 மணி நேர லாட்ஜிலேயே இரண்டு நாள் வாடகை கொடுத்துவிடுங்கள். ஞாயிறு மதியம் அவர்கள் படுக்க ஓர் இடம் வேண்டும்.

ஏரியா ஏரியாவாக

எழும்பூர். முதல் தடவை வருகிறவர்களுக்கு யோசிக்காமல் சொல்லக்கூடிய இடம். மின்சார ரயில், மெட்ரோ, ஊர் ரயில் மூன்றும் ஒரே வாசலில். ஸ்டேஷனுக்கு எதிரே கென்னத் லேனில் லாட்ஜ்கள் வரிசையாக இருக்கின்றன. காந்தி இர்வின் சாலையில் கொஞ்சம் பெரிய ஓட்டல்கள். அருங்காட்சியகம் பாந்தியன் சாலையில் நடக்கும் தூரம். குறை என்னவென்றால் சத்தம். கென்னத் லேனைப் பார்த்த ஜன்னல் என்றால் விடிய விடிய ஆட்டோ ஹாரன்தான். பின்பக்க ரூம், மூன்றாவது மாடிக்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஸ்டேஷன் வாசலில் “ரூம் வேணுமா சார்” என்று வருகிறவர் பின்னால் போகாதீர்கள். அவருடைய கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். அதே லாட்ஜில் நீங்களாக நடந்துபோய்க் கேட்டால் குறையும். எழும்பூரில் நிரம்பிவிட்டால், பச்சைத் தடத்தில் அடுத்தடுத்த ஸ்டேஷன்களான நேரு பூங்கா, கீழ்ப்பாக்கம் பக்கம் பாருங்கள். கொஞ்சம் அமைதியாகவும் இருக்கும்.

சென்ட்ரலுக்குப் பக்கத்துப் பெரியமேடும் வால்டாக்ஸ் ரோடும் விலை மலிவு. காலை ரயிலைப் பிடிக்க மட்டும் என்றால் சரி. குடும்பத்தோடு இரண்டு நாள் தங்க இதைச் சொல்லமாட்டோம். எழும்பூர் ஒரே மெட்ரோ ஸ்டேஷன் தள்ளி இருக்கும்போது எதற்கு?

தி.நகர். கல்யாணத்துக்குப் புடவையும் நகையும் எடுக்க வருகிறவர்களுக்கு வேறு இடமே கிடையாது. காரணம் தூரம்கூட இல்லை, சுமை. இரண்டு மூன்று தடவை ரூமுக்கு வந்து பையை வைத்துவிட்டுத் திரும்பப் போக வேண்டியிருக்கும். ஆனால் தி.நகருக்குள்ளேயே நாலு தி.நகர் இருக்கிறது. ரங்கநாதன் தெருவையும் உஸ்மான் சாலையையும் ஒட்டி ரூம் எடுத்தால் கடை பக்கம், கார் வராது, சனி ஞாயிறு சாயங்காலம் பெட்டியோடு நடக்கவே முடியாது. ஜி.என்.செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலை பக்கம் விலை கூடும், தெரு அகலம், நிம்மதி. பாண்டி பஜாருக்கும் நடந்துவிடலாம். மூன்றாவது வழி பலருக்குத் தோன்றாதது: தண்டவாளத்தைத் தாண்டி மேற்கு மாம்பலம். மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தில் ஏறி இறங்கினால் ரங்கநாதன் தெரு. மெஸ் சாப்பாடு, காய்கறிக் கடை, கோயில் என்று ஒரு சின்ன ஊர் போல இருக்கும். லாட்ஜ்கள் குறைவு, சர்வீஸ் அபார்ட்மென்ட்கள் கிடைக்கும். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது. கீழே கூட்டத்தில் இடிபடாமல் போக அதை உபயோகியுங்கள். தி.நகரில் ரூம் போடுகிறவர்கள் மெட்ரோவை எதிர்பார்க்க வேண்டாம். இப்போதைக்குப் பக்கத்து ஸ்டேஷன்கள் நந்தனமும் தேனாம்பேட்டையும்தான், இரண்டுக்கும் ஆட்டோ வேண்டும்.

திருவல்லிக்கேணி. தனியாளாகவோ நண்பர்களாகவோ வந்தால் பணம் மிச்சமாகும் இடம். மேன்சன்களுக்குப் பேர்போன பேட்டை. மாச வாடகை ஆட்கள் போக நாள் வாடகை ரூம்களும் சில மேன்சன்களில் கிடைக்கும். பல ரூம்களில் கழிவறை பொது, அதைக் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பார்த்தசாரதி கோயில், மெரினா இரண்டும் நடை. ரத்னா கபேயில் இட்லி மூழ்க மூழ்கச் சாம்பார் ஊற்றுவார்கள். காலையில் சீக்கிரம் போனால் உட்கார இடம் கிடைக்கும். பறக்கும் ரயில் பக்கம், அரசினர் தோட்டம் மெட்ரோவும் அதிக தூரமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: சேப்பாக்கத்தில் கிரிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.பி.எல். ஆட்டம் உள்ள நாளில் வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை பக்கம் வண்டி விடமாட்டார்கள், ரூம் வாடகையும் ஏறியிருக்கும். ஆட்டம் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. எல்லாரும் ஆட்டோவுக்கு அலையும் நேரத்தில் நீங்கள் நடந்தே ரூமுக்கு வந்துவிடலாம்.

மயிலாப்பூரில் தங்கும் சுகமே வேறு. விடியக்காலையில் கபாலி கோயில் தரிசனம், மாட வீதியில் காபி, பூக்கடை. ஆனால் ரூம்கள் குறைவு, கிடைப்பது சீக்கிரம் போய்விடும். டிசம்பர் சீசனுக்கு வருகிறவர்கள் முதலில் எந்த சபா என்று முடிவு செய்யுங்கள். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையில், அவற்றுக்கு மயிலாப்பூர், ராயப்பேட்டை பக்கம் சரி. வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் தி.நகரில். மத்தியானக் கச்சேரி ஓரிடம், சாயங்காலக் கச்சேரி இன்னோரிடம் என்று போட்டால் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். பங்குனி அறுபத்துமூவர் அன்று மாட வீதிக்குள் வண்டி போகாது; அன்றைக்கு ரூம் உள்ளே இருந்தால் பாக்கியம், வெளியே போக வேண்டுமென்றால் திண்டாட்டம்.

பெசன்ட் நகர், அடையாறு. எலியட்ஸ் பீச், அஷ்டலட்சுமி கோயில், வேளாங்கண்ணி மாதா கோயில் மூன்றும் பக்கம் பக்கம். சாயங்காலம் காலாற நடக்க வருகிறவர்களுக்கு, மகாபலிபுரம் போய்வர நினைப்பவர்களுக்குப் பொருந்தும். மெட்ரோ இன்னும் வரவில்லை, பஸ், ஆட்டோதான். எழும்பூரிலிருந்து தொலைவு என்பதால் அதிகாலை வந்து இறங்கி ராத்திரி ஏறுகிறவர்களுக்கு இரண்டு நீளமான ஆட்டோ சவாரி நிச்சயம்.

கிண்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மின்சார ரயிலும் நீலத் தடமும் ஒன்று சேரும் இடம், ஏர்போர்ட்டுக்கு நாலாவது மெட்ரோ ஸ்டேஷன். இங்கே இருப்பவை பெரும்பாலும் அலுவலக வேலையாய் வருகிறவர்களுக்கான ஓட்டல்கள். வார நாளில் நிரம்பும், சனி ஞாயிறில் காலியாக இருக்கும். வெள்ளிக்கிழமை இரவு வாடகையையும் சனிக்கிழமை இரவு வாடகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பல தடவை சனி குறைவாக இருக்கும். ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. போகிறவர்களுக்கும் கிண்டி கச்சிதம். வாசலுக்கருகிலேயே நந்தனம் மெட்ரோ. புத்தகப் பையோடு ஆட்டோ பேரம் பேச வேண்டியதில்லை.

வடபழனி, கோயம்பேடு பக்கம் பச்சைத் தடத்தின் புண்ணியத்தில் பரவாயில்லை. முகூர்த்த நாளில் மட்டும் முன்கூட்டியே புக் செய்யுங்கள். வடபழனி கோயிலைச் சுற்றி மண்டபங்கள். கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். காலண்டரில் முகூர்த்தம் பார்ப்பது கல்யாணக்காரர்களுக்கு மட்டுமல்ல, ரூம் தேடுகிறவர்களுக்கும் உதவும்.

கிரீம்ஸ் ரோடு, ஆயிரம் விளக்கு: ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கான விடுதிகள் நிறைந்த பகுதி. சமையலறையோடு ரூம் கிடைக்கும். வாரக் கணக்கில் தங்குபவர்களுக்கே முன்னுரிமை.

ஆப்பில் பார்க்கும்போது

“தி.நகர் அருகில்” என்று போட்டிருக்கும், போய்ப் பார்த்தால் கே.கே.நகரில் இருக்கும். முகவரியில் பின்கோடைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. எழும்பூர் 600008, தி.நகர் 600017, மேற்கு மாம்பலம் 600033, திருவல்லிக்கேணி 600005, மயிலாப்பூர் 600004, அடையாறு 600020, பெசன்ட் நகர் 600090, கிண்டி 600032, வடபழனி 600026. அண்ணா சாலை, ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். என்று மட்டும் போட்டிருந்தால் அது ஏரியாவே கிடையாது, நீளமான சாலை. அண்ணா சாலை கோட்டைப் பக்கத்தில் தொடங்கிக் கிண்டி வரை போகிறது. ஓ.எம்.ஆர். மத்திய கைலாஷில் ஆரம்பித்து சிறுசேரியையும் தாண்டும்; “ஓ.எம்.ஆரில் நல்ல ஓட்டல், பாதி விலை” என்பதை நம்பி நாவலூரில் ரூம் போட்டவர் இரண்டு நாளும் சோழிங்கநல்லூர் சிக்னலைத்தான் பார்ப்பார்.

புக் செய்தாலும் லாட்ஜுக்கு ஒரு போன் போடுங்கள். செக்-அவுட் 24 மணி நேரமா, 12 மணியா? வெந்நீர் நாள் முழுக்கவா, காலையில் மட்டுமா? கரன்ட் போனால் ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடுமா, ஃபேன் மட்டுமா? சொன்ன வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா? ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.; 2025 செப்டம்பரிலிருந்து இந்தக் கணக்கு. வயது வந்த எல்லாருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஆதாரில் சென்னை முகவரி இருந்தால் பல லாட்ஜ்களில் ரூம் தரமாட்டார்கள். வெளியூரில் குடியேறியும் அட்டையை மாற்றாதவர்கள் வாசலில் மாட்டிக்கொள்வது இதில்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்றும் பார்க்க வேண்டும்: மழைத் தண்ணீர். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மாதங்களில் வேண்டாம். தி.நகரில் துரைசாமி சுரங்கப்பாதை மூடினால் மேற்கு மாம்பலத்துக்கு வண்டி சுற்றித்தான் வரும். நடந்து போகிறவருக்கு ஸ்டேஷன் பாலம் இருக்கிறது. மொத்தக் கடைகளுக்காகப் பாரிமுனைக்கோ, எலக்ட்ரானிக் சாமானுக்காக ரிச்சி தெருவுக்கோ வருகிறவர்கள் அதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள், ஞாயிறு பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். தி.நகரை ஞாயிறு காலைக்கு வையுங்கள். கடை திறக்கும்போதே உள்ளே போனால் பன்னிரண்டு மணிக்குள் வெளியே வந்துவிடலாம்.

ஞாயிறு ராத்திரி ரயிலுக்கு மாம்பலத்திலிருந்தோ கிண்டியிலிருந்தோ எழும்பூருக்கு மின்சார ரயிலில் வருவது என்றால், அன்று வண்டிகள் குறைவு என்பதை மனதில் வையுங்கள். தண்டவாள வேலைக்காக நிறுத்தியும் இருப்பார்கள். இருபது நிமிஷம் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். தென்மாவட்ட ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கும், சில மாம்பலத்திலும் நிற்கும். உங்கள் ரூம் கிண்டிக்குத் தெற்கே என்றால் எழும்பூர் வரை வடக்கே வந்து அதே வழியில் திரும்பிப் போவதில் அர்த்தமில்லை. ஒரு நாள் முன்பாகவே ஐ.ஆர்.சி.டி.சி.யில் ஏறும் ஸ்டேஷனைத் தாம்பரம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறப் போகாதீர்கள், அந்த சீட்டில் உட்கார உங்களுக்கு உரிமை தாம்பரத்திலிருந்துதான்.